கழிப்பறை என்று நான் வரைந்த இடம்

கல்லறை மேல் கழிப்பறை கட்டச் சொன்ன ஆள் நான்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் "அட, இவரா இப்படி?" என்று நீங்கள் வருத்தப்படலாம். இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தைப் படித்து வருகிறவர்களுக்கு அந்த வருத்தமும் வராது. "செய்யக்கூடிய ஆள்தான்" என்று தலையை ஆட்டிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். போகாதீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூட உட்காருங்கள்.

வரைபடத்தில் நீல மையால் ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் "பார்வையாளர் கழிப்பறை" என்று எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பேர். அந்த முத்துகளுக்குக் கீழே, மண்ணுக்குள், லூர்துமேரி என்ற பெண்ணின் குழந்தை இருந்தது.

மேலிடம்

அக்டோபர் கடைசி என்று ஞாபகம். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் காலையில் பனி இறங்கும். பால்காரர்கள் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, யார் யாரென்று தெரியாமல் வருவார்கள். நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது முனிராஜு போன் செய்தார்.

முனிராஜு எங்கள் பேரூராட்சியின் ஓவர்சியர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், ஆபீசில் தமிழ், பில்லில் இங்கிலீஷ்.

"சார், உங்க பூங்காவுல பொம்பளைங்க உக்காந்துட்டாங்க."

"நல்லதுதானே முனிராஜு. உக்கார்றதுக்குத்தானே பெஞ்சு போடறோம்?"

"பெஞ்சுல இல்ல சார். பொக்லைன் முன்னாடி."

ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சின்ன ஊர். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஊரை ஒட்டி ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அதில் வெள்ளைக்காரர்களின் கல் சமாதிகள் ஐந்து. அந்த ஐந்தையும் சீர்செய்து, சுற்றிலும் பாரம்பரியப் பூங்கா அமைப்பது என்பது என் திட்டம். வேலை தொடங்கி அன்றைக்கு இரண்டாவது நாள்.

ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வாசனை வந்துவிட்டது. பிடுங்கிப் போட்ட உண்ணிச்செடியின் காரமும் ஈர மண்ணும் கலந்த வாசனை. மஞ்சள் பொக்லைன் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் வேலி ஓரமாக ஒரு பட்டை நிலம் சிவப்பாகச் சுரண்டப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் தரையை மேலாக வழித்து எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். முன்னால் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ரோஜாப் பண்ணையின் பச்சை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கம்பெனி வேனை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவர்களில் எழுந்து நின்றிருந்தவர்தான் லூர்துமேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பண்ணையில் ரோஜாத் தண்டுகளை அளவு பார்த்துக் கட்டுகிற வேலை. விரல்கள் முழுக்க முள் கீறிய கோடுகள்.

"இந்த பிளான் போட்டது யாரு?" என்று முனிராஜு கையில் இருந்த வரைபடத்தின் நீலக் கட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

முனிராஜு வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று ஆராய்கிறாராம்.

"மேலிடத்துல போட்டதும்மா," என்றேன் நான்.

"மேலிடம்னா? சாமியா?"

உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் இளித்தேன். லூர்துமேரி சிரிக்கவில்லை. சுரண்டிய பட்டையைக் காட்டி, "எம் புள்ள அங்க இருக்குது சார்," என்றார்.

பொக்லைன் ஓட்டுநர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் அரைகுறை. "ஏனு, சமாதியா?" என்று முனிராஜிடம் கேட்டார். முனிராஜு தலையசைத்ததும் இஞ்சினை அணைத்தார். கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், வந்த டயர் தடத்திலேயே அடிமேல் அடி வைத்து வெளியே போனார்.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் ஷூவோடு நின்றுகொண்டிருந்தேன்.

பழைய சாமான் சார்

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்புத் திட்ட ஆலோசகர் என்பது ஆர்டரில் இருந்த பெயர். பேரூராட்சி அலுவலகத்தில் என்னைப் "பழைய சாமான் சார்" என்றார்கள். எனக்குக் கொடுத்த அறையில் ஏற்கெனவே கொசுப் புகை அடிக்கிற மெஷின் குடியிருந்தது. இரண்டு பேரில் அதற்குத்தான் ஊரில் மரியாதை. தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். நான் போனால், "பித்தளைக் குண்டா எடுத்துப்பீங்களா?" என்று கேட்பார்கள்.

வேலை எளிமையானதுதான். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கட்டுமானம் எதுவெல்லாம் இருக்கிறதோ அது ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். எப்போது கட்டியது, எதனால் கட்டியது, என்ன நிலைமை. நடுவில் ஒரு கட்டம்: தற்போதைய பயன்பாடு.

அந்த ஒரு கட்டத்தில் நான் முன்னமே ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு வயலோரம் நடுகல் ஒன்று இருந்தது. வாள் ஓங்கிய வீரன், மேலே தேய்ந்துபோன கன்னட எழுத்து. முகம் தெரியாத அளவுக்கு எண்ணெயும் குங்குமமும் அப்பியிருந்தது. நான் நிலத்துக்காரரைக் கூப்பிட்டு, எண்ணெய் கல்லை எப்படிக் கெடுக்கும் என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்களுக்குக் கல்லு சார்," என்றார். "எங்களுக்கு அவரு சொந்தக்காரரு. பண்டிகையும் அதுவுமா எண்ணெய் வெக்கலன்னா எப்படி?"

அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிவத்தில் "வழிபாட்டில் உள்ளது" என்று எழுதிவிட்டு, அந்தப் பாடம் நடுகல்லுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் மாதத்து மேதை

கல்லறைத் தோட்டத்துக்கு நான் முதலில் போனது ஒரு ஜூன் மாதம். மூன்று நாலு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு வார நாள், காலை பதினொரு மணி. ஆள் இல்லை. இரண்டு வெள்ளாடுகள் மட்டும் துரைமார்களின் சமாதியில் ஏறி நின்று என்னை இன்ஸ்பெக்‌ஷன் செய்தன.

ஐந்து கல் சமாதிகளையும் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூர்கோபுரம் மாதிரி ஒன்று. சலவைக்கல்லில் ஈயம் ஊற்றி எழுத்துப் பதித்த ஒன்று. ஆங்கிலத்தில் பெயர், வயது, மனைவி எழுதிய வாசகம், எல்லாம் நேற்று எழுதிய மாதிரி தெளிவு. விரலால் எழுத்தைத் தடவித் தடவிப் படித்தேன்.

அந்தத் துரைமார்களின் தோட்டத்திலும் குதிரை லாயத்திலும் வேலை செய்தவர்கள் ஊரில் இருந்த ஏழைச் சனங்கள். அவர்களில் சில குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானார்கள். அவர்கள் செத்தால் துரைமார்களைச் சுற்றியிருந்த நிலத்தில் புதைத்தார்கள். கல் கிடையாது. மண் மேடு, தலைமாட்டில் குச்சியால் ஒரு சிலுவை, சுற்றிலும் கழுத்து கீழே இருக்கும்படி புதைத்த கண்ணாடி பாட்டில்கள். அவ்வளவுதான் சமாதி. இன்றைக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் கம்பெனிகளிலும் பண்ணைகளிலும் வேலைக்குப் போகிறார்கள். பாதிப் பேர் ஓசூர் லேஅவுட்டுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். வருசத்துக்கு ஒருநாள், நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். புல் செதுக்கி, மண் வெட்டிக் கொட்டி, மேட்டைப் புதிதாக எழுப்பி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அடுத்த மழைக்கு மேடு கரையத் தொடங்கும். ஜூனில் கிட்டத்தட்ட தரைமட்டம்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது: சமமில்லாத ஒரு நிலம், கரையான் அரித்த சில குச்சிகள், நிறைய பாட்டில்.

பாட்டிலைப் பார்த்ததும் என் மூளை ஓடிய வேகம் இருக்கிறதே! இது எல்லைப் பகுதி. கர்நாடகத்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். அந்தப்பக்கம் வாங்கி இந்தப்பக்கம் உட்கார்ந்து குடிக்கிறார்கள். துப்பறிந்து முடித்துவிட்டேன். குடிகாரன் எதற்குப் பாட்டிலைக் கழுவி, தலைகீழாக, வரிசையாகப் புதைக்கிறான் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

படிவத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன். "சமாதிகள் ஐந்து. சுற்றியுள்ள நிலம்: காலியிடம். தற்போதைய பயன்பாடு: இல்லை. மது பாட்டில்கள் கிடக்கின்றன; சமூக விரோதிகள் கூடுமிடம். குப்பை அகற்றப்பட வேண்டும்."

இன்னொன்றும் இருக்கிறது. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. கூர்கோபுரத்தைப் படமெடுக்கும்போது முன்னால் இரண்டு குச்சிகள் ஃபிரேமில் விழுந்தன. ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, நடுவில் துருப்பிடித்த கம்பிக் கட்டு. பிடுங்கி வேலி ஓரம் போட்டேன். படம் அருமையாக வந்தது. அறிக்கையின் அட்டையில் அதுதான்.

புதிய தகவல்

அன்று பெண்கள் எழுந்திருக்க மறுத்துவிட்டார்கள். வேலையை நிறுத்துகிறோம் என்று முனிராஜு மூன்று பாஷையிலும் சத்தியம் செய்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

நிறுத்துவது வேறு, திட்டத்தை மாற்றுவது வேறு. வரைபடம் மாவட்டம் வரை போய் முத்திரை வாங்கி வந்தது. அதை மாற்ற, வரைந்தவன் எழுதித்தர வேண்டும். திருநாளுக்கு எட்டோ ஒன்பதோ நாள்தான் இருந்தது.

முனிராஜு என்னைத் தனியாகக் கூப்பிட்டு நல்லது சொன்னார். "சார், தப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க. உங்க கான்ட்ராக்டு அடுத்த மாசம் முடியுது. ரெனிவல் ஆகாது. 'கள ஆய்வில் கிடைத்த புதிய தகவல்'னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அருமையான யோசனை. அப்படியே எழுதினேன், அதே முத்துக் கையெழுத்தில். செயல் அலுவலர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதிகம் பேசாதவர். கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"புதிய தகவலா?"

"ஆமாங்கம்மா."

"கல்லறை நேத்துதான் வந்துச்சா?"

முனிராஜு மறுபடியும் மழை வருமா என்று பார்த்தார். இந்த முறை அறைக்குள் ஃபேன்தான் இருந்தது.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொசு மெஷின் அறைக்குப் போனேன். எழுதுவதற்கு ஒரே வாக்கியம்தான். "மக்கள் பயன்பாட்டில் உள்ள கல்லறை நிலத்தைக் காலியிடம் என்று நான் தவறாகப் பதிவு செய்தேன்." அதை எழுத ஒருமணி நேரம் பிடித்தது. "நான்" என்ற சொல்லை இரண்டு முறை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அது இல்லாமலும் வாக்கியம் நன்றாகத்தான் நின்றது. அதனால்தான் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன். கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், பெஞ்சு மூன்றும் ரத்தாயின. கான்ட்ராக்டும் முனிராஜு சொன்னபடியே ஆயிற்று. அது ஒன்றும் பெரிய கதையில்லை.

நூலும் சுண்ணாம்பும்

ஆனால் சுரண்டியது சுரண்டியதுதானே? சுரண்டல் ஆழமாகப் போகவில்லை, யாரையும் தொடவில்லை. அடையாளங்கள்தான் போய்விட்டன. முக்கால்வாசி நிலத்தில் பொக்லைன் ஏறி இறங்கிக் குச்சி, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்திருந்தது. யாருடைய மேடு எங்கே என்று தெரியாமல் எங்கே மெழுகுவத்தி ஏற்றுவது?

இங்கேதான் என் இன்னொரு முட்டாள்தனம் உதவிக்கு வந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க ஜூனில் தரைமட்டம் அளந்தோம். நாலு மூலையில் அளந்தால் போதும். நான் இரண்டடிக்கு ஒரு புள்ளி என்று நிலம் பூராவும் அளக்கச் சொன்னேன். வேலை பெரிதாகத் தெரியும் என்பது ஒரு காரணம். எதிரே இருந்த கடையில் போண்டா நன்றாக இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

அந்த எண்களை எடுத்து உட்கார்ந்து, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சமாவது உயரமானதை எல்லாம் சிவப்பில் வட்டமிட்டேன். சிவப்புப் புள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரிசை கட்டின. ஒரே அளவு, ஒரே திசை. தாளுக்குள் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் வந்தார்கள். நான் நூல் பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். மற்றதை அவர்கள் சொன்னார்கள்.

"இது எங்க மாமனாரு. அவருக்கு வலப்பக்கம் யாரு?"

"எங்கப்பன்தான். உயிரோட இருக்கறப்ப ரெண்டு பேருக்கும் ஆகாது. பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டாங்க."

"இப்ப ராசியாயிருப்பாங்க, வுடு."

சிரித்துக்கொண்டே பெயர்களைச் சொன்னார்கள். நான் நம்பர் அட்டைகளை நட்டேன். நடுவே லூர்துமேரி பக்கம் போய், நாலைந்து நாளாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அன்னிக்கு மேலிடம்னு சொன்னேன்ல, அது நான்தாங்க."

"தெரியும் சார். உங்க சட்டைப் பையில நீலப் பேனா இருந்துதே."

சொல்லிவிட்டு அடுத்த நம்பர் அட்டையை எடுத்து நீட்டினார்.

வேலி ஓரம்

வேலி ஓரப் பட்டைக்குக் கடைசியாக வந்தோம். அது பிள்ளைகளுக்கான இடம். தாளை விரித்தேன். அந்தப் பட்டையில் சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளின் மேடு சிறியது. இரண்டடிக்கு ஒரு புள்ளி அளந்தால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அது நழுவிவிடுகிறது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கூடப் பார்த்தேன். லூர்துமேரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுல இல்லையா சார்?"

"இல்லீங்க."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலிக் கம்பங்களை எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு நேராக மண்ணில் உட்கார்ந்தார். மண்வெட்டி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். உள்ளங்கையால் மண்ணைத் தள்ளத் தொடங்கினார். மற்றப் பெண்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வீட்டுத் துடைப்பத்தை உடைத்து ஆளுக்கு ஒரு கொத்து வைத்துக்கொண்டார்கள். நான் படித்த படிப்பில் இதற்கு என்று தனிப் பிரஷ் உண்டு, தனி வகுப்பு உண்டு. அவர்கள் கை என்னைவிடச் சுத்தமாகப் போயிற்று.

வெயில் ஏறியது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற அதிர்வு தரையில் தெரிந்தது.

முதலில் கண்டது அவர்தான். "ஸ்" என்று கையை எடுத்தார். விரல் நுனியில் ரத்தம். மண்ணில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பச்சைக் கண்ணாடி வளையம். பொக்லைன் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக்கொண்டு போயிருந்தது. புதைந்திருந்த கழுத்து மண்ணிலேயே நின்றிருந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அதன் எதிரில் மூன்றாவது. நாலாவது கிடைக்கவில்லை. அது எங்கே இருந்திருக்கும் என்று மூன்றும் சேர்ந்து சொல்லிவிட்டன.

மொத்தம் இரண்டரை அடி நீளம் இருக்கும். என் வரைபடத்தில் அது கழிப்பறையின் வாசற்படி.

லூர்துமேரி அழவில்லை. அள்ளி அள்ளி மண்ணைப் போட்டு, மேட்டைச் சின்னதாகத் தட்டி எழுப்பினார். தலைப்பக்கம் எது என்று நான் கேட்காமலே அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் அதிகமாகத் தட்டினார். பிறகு விரலில் வழிந்த ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

நான் ஷூவைக் கழற்றிவிட்டு, தள்ளி, வேலி பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்திலும் ஏதாவது ஒரு ஜோக் அடித்துத் தப்பிக்கிறவன் நான். அன்றைக்கு அது உதவாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். புதிய படிவத்தை எடுத்தேன். ஒவ்வொரு மண் மேட்டுக்கும் ஒரு வரி: நம்பர், பெயர், பார்த்துக்கொள்பவர். துரைமார்களுக்கு என்ன எழுதினேனோ அதே மாதிரி இவர்களுக்கும். தற்போதைய பயன்பாடு என்ற கட்டத்தில், "உள்ளது."

அட்டையில் நம்பரை எழுதி மேட்டின் ஓரத்தில் நட்டேன். பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் லூர்துமேரி என்று எழுதினேன். பேனாவைப் பெயர் என்ற கட்டத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாகக் கேட்டேன்.

"புள்ள பேரு என்னங்க?"

"பேரு வெக்கல சார், நம்பர் மட்டும் போட்டுக்குங்க."